டயர் கடை நிறுத்தம்

மாலை நாலே முக்காலுக்கு லிண்ட்க்விஸ்ட் அழைத்தாள்.
பள்ளி மாவட்டத்தில் அவளுக்கு நீளமான பதவிப்பெயர் உண்டு.
ஓட்டுநர்கள் நாங்கள் படிவக்காரி என்போம்.

"நாளையிலிருந்து உன் தடத்தில் ஒரு நிறுத்தம் கூடுதல்.
பையன். ஏழு வயது.
முதலில் ஏறுவான், கடைசியில் இறங்குவான்.
தாளில் மோட்டல் என்று எழுதாதே.
பக்கத்தில் ஒரு டயர் கடை இருக்கிறது,
அதை எழுது."

ஏன் என்று நான் கேட்கவில்லை.
இருபது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
ஜன்னலோரக் குழந்தைகளின் கண்ணுக்கு
எதுவும் தப்பாது.

டுலூத்தில் ஜனவரி.
ஏரியிலிருந்து வரும் காற்றுக்குக்
கதவைத் தட்டிவிட்டு நுழையும் பழக்கம் கிடையாது.
ஆறு பத்து. இருட்டு.
பாதி எரியும் பெயர்ப்பலகையின் கீழே இரண்டு பேர்.
தாய்க்குச் சலவைக்கூடத்து நீலச் சீருடை,
அதன்மேல் யாரோ ஓர் ஆணின் கோட்டு.
பையன் கைகளில் கையுறை இல்லை,
காலுறை மாட்டியிருந்தான்.

"டெவ்ரின்," என்று அவனை முன்னே நகர்த்தினாள்.
"தூங்கிவிடுவான். தூங்கட்டும்.
அறையில் ஃபிரிட்ஜ் ராத்திரி முழுக்க உறுமுகிறது."

எனக்குப் பின்னால் முதல் இருக்கை அவனுடையது.
அடுத்த நிறுத்தம்வரை பதினொரு நிமிடம்,
காலிப் பேருந்தில் நாங்கள் இருவர்.
தூங்காத ஒருநாள் சொன்னான்:
"பள்ளியில் அம்மாவுக்கு ஒரு தாள் கொடுத்தாங்க.
இந்த வருஷம் எங்கெங்கே தூங்கினீங்கன்னு கேள்வி.
சித்தி வீடு, காப்பகம், மோட்டல், கார்.
அம்மா நாலு கட்டத்திலும் டிக் போட்டாங்க.
நாலுமே சரி."

நான் வைப்பரைப் போட்டேன்.
பனி பெய்யவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் லிண்ட்க்விஸ்ட்
என் இருக்கைக்கு அடியில் ஒரு பை வைப்பாள்.
கடலை வெண்ணெய், ஓட்ஸ், டின் பீன்ஸ்,
ஒருமுறை பேருந்துச் சீட்டுகளும்
கண் பரிசோதனைக்கு ஒரு நாள் குறித்த அட்டையும்.
எல்லோரும் இறங்கிய பிறகுதான் கொடுக்க வேண்டும்.
"யாராவது கேட்டால் வீட்டுப்பாடம் என்று சொல்."
வீட்டுப்பாடம்!
அந்தச் சொல்லைத் தொண்டையில் வைத்துக்கொண்டே
மேம்பாலம் தாண்டினேன்.
டெவ்ரின் பையைத் தூக்கிப் பார்த்து,
"இந்த வாரம் கனமான பாடம்," என்றான்.

மற்ற பிள்ளைகள் தாங்களாகவே ஒரு கதை கட்டினார்கள்.
எல்லோருக்கும் முன்னால் ஏறுகிறான்,
அப்படியானால் ரொம்பத் தூரம்,
அப்படியானால் பெரிய வீடு, ஒருவேளை குதிரைகூட.
மாரிட் என்ற சிறுமிக்கு அவன்மேல் பொறாமை.
அவன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

டயர் கடை ஆஸ்மோ ஒருமுறை வழிமறித்தான்.
"என் வாசலில் ஏன் நிறுத்துகிறாய்?
என் மகனுக்கு நாற்பது வயது."
"மேலிடத்து உத்தரவு," என்றேன்.
அவன் மோட்டலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
ஒன்றும் பேசாமல் உள்ளே போனான்.
மறுவாரம் ஆறு மணிக்கே கடை விளக்கு எரிந்தது.
இரண்டு பழைய டயர்மேல் ஒரு பலகை கிடந்தது, உட்கார.

ஏப்ரலில் வாடகை உதவி கிடைத்தது,
பதினான்கு மாதம் வரிசையில் நின்ற பிறகு.
மூன்றாவது மாடி. என் தடத்தில் ஏழாவது நிறுத்தம்.
தாளில் டயர் கடையை அடிக்கப் பேனாவை எடுத்தேன்.
நாலே முக்காலுக்குத் தொலைபேசி மணி.
"அடித்துவிடாதே," என்றாள் லிண்ட்க்விஸ்ட்.

ஏழாவது நிறுத்தத்தில் டெவ்ரின் ஏறினான்,
சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தான்.
முதல் இருக்கையில் ஒரு சின்னப் பெண்
ஜன்னலில் கன்னம் பதித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.
அவன் நின்றான்.
அவனுடைய எதையோ நான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதுபோல
என்னை ஒரு பார்வை பார்த்தான்.
பிறகு பின்வரிசைக்குப் போய்
வழி முழுக்கச் சத்தம் போட்டான்.
நான் அதட்டவில்லை.

பள்ளி வாசலில், கடைசிப் படியில் தயங்கி,
யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்:
"அந்தப் பலகை ஆடும்.
இடது ஓரமா உட்காரச் சொல்லுங்க."